புகலிட அறையின் கதவு

இந்த விசாரணை அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, ஐயா. இத்தனை பேர் ஒன்றாக உட்காருகிற அறைக்கு அது வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். சென்ற ஆண்டே விதியில் திருத்தம் வந்துவிட்டது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பழக்கதோஷம். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் கதவைப் பார்க்கும், அடுத்து படிக்கட்டை, அப்புறம்தான் மனிதர்களை. என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன் முதல்முறை அவளைச் சந்தித்தபோது, அவள் முகத்தை விட்டுவிட்டு அவர்கள் வீட்டு மாடிப்படியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

எங்கள் கட்டட வாட்ச்மேன் சொன்னது உண்மையா என்று கேட்டீர்கள். உண்மைதான். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த ஒன்றை மட்டும் தனியே பிய்த்து எடுத்துப் பார்த்தால் நான் ஏதோ பொல்லாதவன் போலத் தெரியும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த எட்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்கு நான் மேலாளர். குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான். ஆனால் என் உண்மையான வேலை விதிகளின் பின்னால் ஓடுவது. கட்டட விதி என்றால் கல்லில் வெட்டி வைத்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வளர்கிற பிள்ளை மாதிரி. போன வருஷம் தைத்த சட்டை இந்த வருஷம் பற்றாது. சாய்தளத்தின் சரிவு மாறும். கழிப்பறைக் கைப்பிடியின் உயரம் மாறும். லிஃப்ட் பொத்தானில் பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து வேண்டும் என்பார்கள். அதைப் போட்டு முடிப்பதற்குள் மாடியின் பெயரைக் குரலிலும் சொல்ல வேண்டும் என்பார்கள். மற்ற கட்டடக்காரர்கள் அபராதம் வந்த பிறகுதான் கண் விழிப்பார்கள். நான் வரைவு வெளியாகும்போதே படித்துவிடுவேன். கட்டடத்தில் எல்லாரும் எனக்கு ‘ஷரத்து’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். போகப் போக நேராகவே ‘ஷரத்து சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஏழாம் மாடியில் ஒரு பதிப்பகம் இருந்தது. அங்கே மெய்ப்புப் பார்க்க ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சிறு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டன, சக்கர நாற்காலி. வந்த அன்றே என் அறை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

“அண்ணா, உங்க சாய்தளம் ரொம்ப நல்லாருக்கு. ஏறுறதுக்கு இல்ல, சறுக்கி விளையாடுறதுக்கு.”

போய் அளந்து பார்த்தேன். அது பழைய விதிப்படி கட்டியது. அவள் சொன்னது சரி. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். அடுத்து கழிப்பறைக் கண்ணாடி. “அதுல என் உச்சந்தலை மட்டும்தான் தெரியுது. வகிடு நேரா இருக்கு, அது வரைக்கும் சந்தோஷம்” என்றாள். கண்ணாடியை இறக்கினேன். எழுத்துப் பிழை பிடிப்பது அவள் தொழில். கட்டடத்தையும் அதே கண்ணால்தான் பார்த்தாள். ஆனால் குத்திக்காட்டிப் பேச மாட்டாள். சரிசெய்து முடித்ததும் வந்து ஒருமுறை ஏறி இறங்கிப் பார்ப்பாள். “இப்ப பிழை இல்ல” என்பாள். நகரத்தின் ஆய்வாளர் கையெழுத்துப் போடும்போதுகூட எனக்கு அந்த நிறைவு வந்ததில்லை.

நான் ஒற்றைப் பிள்ளை, ஐயா. கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அவளைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. என் மனைவி ஒருநாள் அவளை வீட்டுக்கு அழைத்தாள். எங்கள் வாசலில் படிகள். அவள் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நானே படிகளை இடித்து, சிமென்ட் குழைத்து ஒரு சாய்தளம் போட்டேன். வந்தவள் அதில் ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினாள். “யாரும் எனக்காக வீட்டை இடிச்சதில்லண்ணா” என்றாள். அவள் மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வேண்டுமானால் வீட்டில் போய்ப் பாருங்கள், சாய்தளம் அங்கேயேதான் இருக்கிறது.

இனி புகலிட அறை. தீப்பிடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். படியில் இறங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காக விதியில் ஒரு திருத்தம் வந்தது. உயரமான கட்டடங்களில், படிக்கட்டை ஒட்டி ஒரு அறை இருக்க வேண்டும். அதன் சுவரும் கதவும் நெருப்பை வெகுநேரம் தாங்க வேண்டும். புகை உள்ளே போகக்கூடாது. நடக்க முடியாதவர்கள் அங்கே போய்க் காத்திருப்பார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்ததும் முதல் வேலையாக அங்கே போய் அவர்களை இறக்குவார்கள். நல்ல விதி. நான் படித்ததிலேயே மனிதத்தன்மை உள்ள விதி அதுதான் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

ஏழாம் மாடிப் படிக்கட்டின் பக்கத்தில் ஒரு சாமான் அறை கிடந்தது. அதைக் காலி செய்து, சுவரையெல்லாம் முறைப்படி எழுப்பினேன். கதவு மட்டும் வரவில்லை. தீத்தடுப்புக் கதவு கடையில் தொங்குகிற சாமான் இல்லை. சொல்லி வைத்து, செய்து, வர வேண்டும். ஆய்வாளர் வருகிற தேதி வந்துவிட்டது, கதவு வரவில்லை. நான் தச்சரைக் கூப்பிட்டு ஒரு பிளைவுட் கதவு போடச் சொன்னேன். சிவப்புச் சாயம் அடித்து, ‘தீத்தடுப்புக் கதவு’ என்ற பலகையை அதன்மேல் மாட்டினேன். தற்காலிகம்தான். ஆய்வாளர் வந்தார், திறந்தார், சாத்தினார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அவருக்கு அன்று இன்னும் பல கட்டடங்கள் பார்க்க வேண்டியிருந்தது.

உண்மையான கதவு அப்புறம் வந்திருக்க வேண்டும். முதலாளி, “அதான் பாஸ் ஆயிருச்சே, இன்னொரு கதவு எதுக்கு? வேணாம்னு சொல்லிடு” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலாளி மேல் பழியைத் தள்ள இதைச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் கதவு பிளைவுட் என்பது தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

அதற்குள் காரியம் கை மீறிப் போயிருந்தது. அந்தத் திருத்தத்தை முதலில் நிறைவேற்றிய கட்டடம் எங்களுடையதுதான் என்று நகர நிர்வாகம் எங்களுக்கு ஒரு விருது கொடுத்தது. மற்ற கட்டட மேலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அறையைப் பார்த்தார்கள். நான் மைக் பிடித்துப் பேசினேன். தங்கச்சி அந்த அறைக்குள் சக்கர நாற்காலியில் இருக்க, நான் பக்கத்தில் நிற்க, ஒரு படம் எடுத்தார்கள். அதைப் பெரிதாக்கிக் கீழே வரவேற்பறையில் மாட்டினோம். தினமும் காலையில் அதைக் கடந்துதான் என் அறைக்குப் போவேன். முதல் சில நாள் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனேன். பிறகு பழகிவிட்டது. கட்டடத்தில் தீப்பிடித்து எத்தனை காலம் ஆகிறது, இனி ஏன் பிடிக்கப்போகிறது என்று மனம் தானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டது. மனம் நல்ல வக்கீல், ஐயா. சம்பளம் கேட்காமல் வாதாடும்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பதிப்பகத்தில் தீப்பாதுகாப்பு பற்றி எளிய தமிழில் ஒரு புத்தகம் போட்டார்கள். மெய்ப்பு அவளிடம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னை மேலே கூப்பிட்டாள். புகலிட அறை வாசலில் இருந்தாள். கதவை விரல் முட்டியால் தட்டினாள். தபேலா மாதிரிச் சத்தம் வந்தது.

“அண்ணா, இதோட ஓரத்துல ஒரு பட்டை இருக்கணுமாமே. சூடு பட்டா உப்பி, இடுக்கை அடைச்சுக்குமாம். காணோமே?”

“உள்ளுக்குள்ள இருக்கும் தங்கச்சி. வெளியில தெரியாது.”

அவள் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினாள். அது காற்றடித்த காகிதம் மாதிரித் திறந்துகொண்டது. பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்கு மட்டும்னா பரவால்லண்ணா” என்றாள். “எட்டாவது மாடியில முட்டி ஆபரேஷன் பண்ண அம்மா ஒருத்தங்க அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புறாங்க. அடுத்த மாசம் எங்க மாடிக்கே ஊன்றுகோல் வச்சிக்கிட்டு ஒரு தம்பி வரப்போறான். ஏட்டுச் சுரைக்காய வச்சுக்கிட்டு அவங்கள இங்க வந்து உக்காருன்னு எப்படிச் சொல்றது?”

நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

“நீங்களே ஆய்வாளர்கிட்ட சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னா உங்களுக்கும் மரியாதை. திங்கட்கிழமை வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். அப்புறம் நான் சொல்லித்தான் ஆகணும்ணா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரி தங்கச்சி, நானே சொல்லிடறேன்” என்றேன். உடனே கீழே போய்க் கதவுக் கம்பெனிக்குப் போன் செய்தேன். வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆய்வாளரிடம் போக வேண்டும் என்று காலையில் கிளம்புவேன்; வரவேற்பறையில் படத்தைப் பார்த்ததும் கால் தானாக என் அறைக்குத் திரும்பிவிடும். ‘ஷரத்து’ என்று ஊரே கூப்பிடுகிற மனிதன், எழுந்து நின்று, என் கதவு போலி என்று எப்படிச் சொல்வான்? நீங்களே சொல்லுங்கள்.

தீப்பிடித்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நெருப்பு நான் வைத்ததல்ல. நான்காம் மாடி மின்சார அறையில் ஒயர் உருகிப் பிடித்தது. உங்கள் நிபுணர்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அபாய மணி அடித்தபோது நான் எட்டாம் மாடியில் இருந்தேன். அங்கிருந்தவர்களை இறக்கிவிட்டு ஏழுக்கு வந்தேன். பதிப்பகக்காரர்கள் ஒழுங்காக வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியெல்லாம் நான் கொடுத்ததுதான். புத்தகக் கட்டு கட்டும் பிரிவில் ‘பயில்வான்’ என்று ஒரு பையன், நல்ல வாட்டசாட்டம். அவனும் இன்னொருவனும் தங்கச்சியை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். படிக்கட்டின் முதல் படிக்கு வந்துவிட்டார்கள்.

“கீழ வைங்க” என்றேன்.

பயில்வானுக்குப் புரியவில்லை. “சார், ஒரே மூச்சுல எறக்கிடுவோம் சார். வெயிட்டே இல்ல.”

“பயிற்சி இல்லாதவங்க தூக்கக்கூடாது. நீ விழுந்தா அவளும் விழுவா, பின்னால வர்றவங்களும் விழுவாங்க. விதி மாறிடுச்சு. புகலிட அறையிலதான் விடணும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணா, அந்தக் கதவு…” என்றாள்.

“கொஞ்ச நேரந்தான் தங்கச்சி. நான் கீழ போன உடனே தீயணைப்புக்காரங்கள அனுப்பறேன்.”

நான் சொன்னது விதியில் உள்ளதுதான். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். படிக்கட்டில் அப்போது புகை இல்லை. அதையும் நான் மறைக்கவில்லை. பயில்வான் தயங்கினான். நான் குரலை உயர்த்தவில்லை, அவன் தோளில் கைவைத்து இறங்கச் சொன்னேன். என் வார்த்தைக்கு அந்தக் கட்டடத்தில் மதிப்பு உண்டு. அவன் இறங்கினான். நான் அவளை அறைக்குள் தள்ளிக்கொண்டு போய், ஜன்னல் ஓரமாக நிறுத்தினேன். அந்த ஜன்னல் திறக்காது. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தும்போது அது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று கையில் தெரிந்தது.

அந்த நிமிஷம்வரை நான் விதியைத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். படியில் இறங்கும்போதுதான் மற்றது மனதுக்குள் வந்தது. ஆறாம் மாடி தாண்டும்போது இல்லை; ஐந்து தாண்டி, சுவரின் சூடு கையில் பட்டபோது. நெருப்பு மேலே ஏறுகிறது. ஏழாம் மாடிக்குப் போனால் பிளைவுட் நின்று பிடிக்காது. சாம்பலைப் பார்த்து, அது எந்தக் கதவு என்று யார் சொல்லப்போகிறார்கள்? திங்கட்கிழமை என்று ஒன்று வராமலே போய்விடும். இதை நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அது வந்து முன்னால் நின்றது, நான் விரட்டவில்லை.

கீழே தீயணைப்பு வண்டி வந்திருந்தது. ஆறாம் மாடியின் பின்பக்கத்தில் சிலர் மாட்டிக்கொண்டு ஜன்னலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நேராக என்னிடம் வந்தார்.

“புகலிட அறை எந்த மாடி?”

“ஏழு.”

“உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

வாட்ச்மேன் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் அவளைப் ‘பாப்பா’ என்று கூப்பிடுவார்; தினமும் வாசல் கதவைத் திறந்துவிடுவது அவர்தான். “பாப்பா இன்னும் வரல சார்” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து லேசாக அழுத்தினேன். அதிகாரியைப் பார்த்து, “இல்ல சார். அந்தப் பொண்ண பின்வாசல் வழியா எறக்கியாச்சு. அறையை நானே பாத்துச் சாத்திட்டு வந்தேன். காலி” என்றேன்.

அவர் எல்லா ஆட்களையும் பின்பக்கம் அனுப்பினார். அந்த ஆறாம் மாடிக்காரர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஏழுக்கு ஆள் பிரித்து அனுப்பியிருந்தால் இவர்களில் ஒருவரிருவர் போயிருக்கலாம். அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாட்ச்மேன் பின்வாசலுக்கு ஓடினார், பாப்பாவைத் தேடிக்கொண்டு. ஆம்புலன்சில் போயிருப்பாள் என்று நான் அவருக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். அவர் நம்பினார். பாவம், வயதானவர். இப்போது ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவரை யாராவது ஒரு மருத்துவரிடம் காட்டினால் நல்லது.

நெருப்பு ஏழாம் மாடிக்குப் போகவே இல்லை. ஆறிலேயே அடக்கிவிட்டார்கள். சிவப்புச் சாயத்தில் ஒரு கீறல்கூட விழாமல் கதவு அப்படியே நின்றது, பலகையோடு. அடியில் இருந்த இடுக்கு வழியாகப் புகைதான் போயிருக்கிறது. சாயங்காலம் அந்த அதிகாரி மேலே போய்த் திறந்து பார்த்தார். வெளியே வந்து கதவை விரல் முட்டியால் தட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார். 

அவள் அம்மா வீட்டுக்கு நான்தான் போனேன். யாராவது சொல்ல வேண்டுமே. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி, புள்ள பயந்தாளா?” இல்லை என்று சொன்னேன். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஏனென்றால் அவள் உள்ளேயிருந்து எனக்குப் போன் செய்தாள், ஐயா. இரண்டு முறை. நீங்கள் கேட்க நினைத்தது அதுதானே?

முதல்முறை செய்தபோது நான் எதிர்ச்சாரியில், கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எடுத்தேன்.

“அண்ணா, கதவுக்கு அடியில புகை வருது.”

“துணி எதாச்சும் இருக்கா? நனைச்சு வை.”

“வச்சிட்டேன். தண்ணி தீந்துபோச்சு. அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிட்டேன். வந்துக்கிட்டே இருக்காங்க.”

அதிகாரி எனக்கு இரண்டு கை தூரத்தில் நின்றார். அவர் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பல்கூடத் தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்.

இரண்டாம் முறை அவளால் நிறையப் பேச முடியவில்லை. இருமல். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, மெல்ல, என் காதுக்கு மட்டும் சொல்வது மாதிரி, “அண்ணா… கதவப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அம்மா சத்தியமா சொல்ல மாட்டேண்ணா” என்றாள்.

“அதுக்கென்ன இப்ப அவசரம் தங்கச்சி. நீ மெதுவா மூச்சு விடு” என்றேன்.

பாருங்கள், அந்த நேரத்திலும் அவள் என் மானத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பெண்ணைப் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை; அதனால் அவள் பேச்சு நிற்கும்வரை போனை வைக்காமல், வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.